'சல்ஃபர் ஹார்ட்' ஐவி: வடக்குச் சுவருக்கு நல்ல கொடிதான், தொட்டியில் இருப்பது அதுதானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்

பிரிட்டனில் வீடு வாங்கிய நம்மவர்களில் பலருக்கும் வாய்க்கும் தலைவலி ஒன்று உண்டு: வெயில் எட்டிப் பார்க்காத வடக்குச் சுவர் அல்லது பக்கத்து வீட்டு நிழலில் பாசி பிடித்து நிற்கும் மரவேலி. ரோஜா அங்கே மெலிந்து போகும். மல்லிகை வகைகள் இலையோடு நின்றுவிடும். அந்த இடத்துக்கு கார்டன் சென்டர்களில் கிடைப்பவற்றுள் எது சரி என்று கேட்டால், முதலில் வரும் பெயர் 'சல்ஃபர் ஹார்ட்'. பெரிய இலை, நடுவில் மஞ்சள் தீற்றல், பன்னிரண்டு மாதமும் உதிராத பசுமை. குளிருக்கும் அஞ்சாது. பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தரும் 'அவார்ட் ஆஃப் கார்டன் மெரிட்' முத்திரையும் இதற்கு உண்டு.

செடிக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அது விற்கப்படும் விதத்துக்கு மூன்றுக்கு மேல் மனம் வரவில்லை. பெயர் மாறிய தொட்டிகளும், ஒரே தொட்டியில் இரண்டு ரகமும், ரகப் பெயரே இல்லாத சீட்டுகளும் இந்தச் செடியில் அத்தனை சாதாரணம். இந்த மதிப்பீடு 3 லிட்டர் தொட்டியில், மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டி விற்கும் செடியைப் பற்றியது. விலை குறைந்த 9 செ.மீ. குட்டித் தொட்டியைப் பற்றியும் இடையிடையே வரும். குழப்பமே பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இது எந்த ஐவி?

பிரிட்டன் காடுகளில் மரமேறிக் கிடக்கும் சாதாரண ஐவி ஹெடெரா ஹீலிக்ஸ். 'சல்ஃபர் ஹார்ட்' அந்த இனமே அல்ல. இது ஹெடெரா கொல்கிகா. பேச்சில் பாரசீக ஐவி. காகசஸ் மலைப்பகுதி, துருக்கியின் வடக்கு, காஸ்பியன் கடலை ஒட்டிய ஈரானியக் காடுகள் ஆகியவை இதன் பிறந்த மண். ஈரமும் நிழலும் குளிரும் பழகிய செடி என்பதால் லண்டனோ லெஸ்டரோ இதற்குப் பெரிய மாற்றமில்லை. (தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்கள் இந்தக் கொடிக்கு ஆசைப்பட வேண்டாம். அந்த வெயிலில் ஐவி சிலந்திப்பேனுக்குத் தீனியாகிவிடும்.)

இதே செடி 'பேடிஸ் பிரைட்' என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து அடுத்தடுத்து நட்டால் ஒரே செடிதான் இரண்டு முறை வளரும்.

வளர்ந்த கொடியில் இலை 10 முதல் 15 செ.மீ. நீளம் இருக்கும். நீண்ட இதய வடிவம். சாதாரண ஐவிக்கு உள்ளது போன்ற ஐந்து மடல் பிளவு கிடையாது. விளிம்பு லேசாக உட்பக்கம் சுருண்டிருக்கும். மஞ்சள் நிறம் நடுநரம்பை ஒட்டி ஒழுங்கில்லாமல் பரவும். அதைச் சுற்றி வெளிர்பச்சை, ஓரத்தில் அடர்பச்சை. ஓர் இலை போல இன்னோர் இலை இருக்காது: ஒன்றில் பாதிக்கு மேல் மஞ்சள், அடுத்ததில் விரல் அகலக் கோடு, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. இது நோயுமல்ல, தரக்குறைவுமல்ல. இலை முதிர முதிர மஞ்சள் மங்கி வெளிர்பச்சையாகும். ஆகவே அடியிலிருக்கும் பழைய இலையைப் பார்த்து ரகத்தை முடிவு செய்யக்கூடாது. இந்த ஆண்டு விரிந்த, முழு அளவு எட்டிய இலையைப் பாருங்கள்.

எதோடு மாறிப் போகிறது?

முதல் ஆள் உடன்பிறப்பே: அதே கொல்கிகா இனத்து 'டென்டாட்டா வேரிகேட்டா'. இதில் நிறம் தலைகீழ். நடுவில் பச்சையும் சாம்பல்பச்சையும் கலந்திருக்கும், வெளிர்மஞ்சள் விளிம்பில். வயதானால் அந்த விளிம்பு பாலேட்டு நிறத்துக்குப் போகும். இலை இன்னும் பெரிது. ஓரத்தில் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னப் பற்கள் தெரியும். இதுவும் அருமையான செடி, இதற்கும் அதே முத்திரை உண்டு. மஞ்சள் நடுவிலா ஓரத்திலா என்ற ஒரே கேள்வியில் தீர்ந்துவிட வேண்டிய குழப்பம் இது. ஆனாலும் மாறிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் சீட்டில் பல நேரம் 'ஹெடெரா கொல்கிகா வேரிகேட்டா' என்று மொட்டையாகப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சீட்டை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இரண்டாவது, 'குளோரி டி மரெங்கோ'. இது அல்ஜீரிய ஐவி, ஹெடெரா அல்ஜீரியென்சிஸ். பழைய சீட்டுகளில் 'கேனரியென்சிஸ் வேரிகேட்டா' என்று இன்னும் வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் 'டென்டாட்டா வேரிகேட்டா' போலவே வெள்ளை விளிம்பு. கிட்டே போனால் காம்பு காட்டிக்கொடுத்துவிடும்: தண்டும் இலைக்காம்பும் ஒயின் சிவப்பில் வழுவழுப்பாக இருக்கும். கொல்கிகாவில் பச்சை, அல்லது பழுப்பு ஓடிய பச்சை. இந்த வேறுபாட்டைச் சும்மா விடக்கூடாது. அல்ஜீரிய ஐவி குளிரைக் குறைவாகத்தான் தாங்கும். லண்டன் நகருக்குள் மறைவான சுவரில் ஒன்றும் ஆகாது. வடகிழக்குக் காற்று நேராக அடிக்கும் ஸ்காட்லாந்து வேலியில் ஒரு கடுங்குளிருக்கே இலை கருகி நிற்கும். கொல்கிகா என்று நம்பி அதை அங்கே நட்டால் இழப்பு நம்முடையது.

மூன்றாவதுதான் மிகவும் ஏமாற்றுவது: 'கோல்ட்ஹார்ட்'. இத்தாலியில் ஜெனோவா அருகிலுள்ள போலியாஸ்கோவைத் தன் சரியான பெயரில் வைத்திருக்கும் ரகம். முறையாகச் சொன்னால் 'ஓரோ டி போலியாஸ்கோ'. இதுவும் நடுவில் மஞ்சள், ஓரத்தில் பச்சை. பெயரிலும் 'ஹார்ட்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இது ஹீலிக்ஸ் இனம். இலை 4 முதல் 6 செ.மீ.தான், மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், இளந்தண்டு இளஞ்சிவப்பு. வளர்ந்த செடிகளை அருகருகே வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். சிக்கல் 9 செ.மீ. தொட்டியில்தான். அங்கே 'சல்ஃபர் ஹார்ட்'டின் இலையும் 5 செ.மீ. அளவில்தான் இருக்கும். இளஞ்செடியில் இலை தன் முழு வடிவத்துக்கும் வந்திருக்காது. இணையத்தில் மலிவாக வாங்கிய குட்டிச் செடி மூன்று ஆண்டு கழித்தும் உள்ளங்கை அளவுக்கு இலை விடவில்லை என்றால், வந்தது பெரும்பாலும் 'கோல்ட்ஹார்ட்'தான்.

அளவும் நிறமும் கைவிடும் இடத்தில் இரண்டு சோதனை இருக்கிறது.

ஒன்று மணம். கொல்கிகா இலையை விரல்களுக்கிடையே நன்றாகக் கசக்கி முகர்ந்தால் செலரிக் கீரையை ஒத்த காரமான மணம் எழும். ஹீலிக்ஸில் அது இல்லை. வெறும் பச்சிலை வாடைதான். கடையில் விற்கும் செடியின் இலையைப் பறிக்க வேண்டியதில்லை. அடியில் உதிரப் போகும் ஓர் இலை எப்போதும் இருக்கும். கையை அப்புறம் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று ரோமம். ஐவி இனங்களைப் பிரிக்கத் தாவரவியலாளர்கள் நம்பும் அடையாளம் இதுதான். 10 மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். 20 மடங்கு இருந்தால் இன்னும் தெளிவு. நுனிக்கொழுந்தில் அப்போதுதான் விரியும் இலையின் அடிப்புறத்தையும் அதன் காம்பையும் பாருங்கள். முதிர்ந்த இலையில் ரோமம் உதிர்ந்திருக்கும், அங்கே தேடிப் பயனில்லை. ஹீலிக்ஸில் வெள்ளை நட்சத்திரங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் எட்டுக் கதிர், அவை நாலாபுறமும் மேலெழும்பி நிற்கும். அட்லாண்டிக் ஐவியான ஹைபர்னிகாவில் கதிர்கள் இலையோடு படிந்து தட்டையாகக் கிடக்கும். கொல்கிகாவில் நட்சத்திரமே இல்லை. மஞ்சளும் செம்மஞ்சளுமான சிறு செதில்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பதினைந்துக்கு மேற்பட்ட கதிர். அல்ஜீரிய ஐவியிலும் செதில்தான், நிறம் மட்டும் செம்பழுப்பு. ஆக, லென்ஸில் வெள்ளை நட்சத்திரம் தெரிந்துவிட்டால் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது 'சல்ஃபர் ஹார்ட்' அல்ல. செதில் தெரிந்தால் காம்பின் நிறத்தைப் பாருங்கள், மணத்தைப் பாருங்கள், வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. ஐவிக்கு இளமை, முதுமை என்று இரண்டு உருவம் உண்டு. பற்றுவேர் விட்டு ஏறிக்கொண்டிருக்கும் வரை இளமை. உச்சிக்குப் போய் வெயில் கண்டதும் பற்றுவேர் நின்று, கிளைகள் சுவரைவிட்டு வெளியே நீட்டி, இலையின் மடல்கள் மறைந்து, பூ பூக்கும். அந்த முதிர்ந்த கிளையின் இலையை வைத்து எந்த ஐவி ரகத்தையும் அடையாளம் காண முடியாது. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். படம் எடுத்துக் காட்டிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கைக்கெட்டும் பூத்த கிளையைத்தான் எடுக்கிறார்கள். கீழே சுவரோடு ஒட்டியிருக்கும் கொடியில் மூன்று நான்கு இலை, இலையின் அடிப்புறம், தண்டின் நிறம், பக்கத்தில் ஓர் அளவுகோல். இவ்வளவும் இருந்தால்தான் அந்தப் படத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

ஹீலிக்ஸ் இனத்துக்குள் இருக்கும் எண்ணற்ற ரகங்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பது வேறு கதை. ஐவி தானாகவே புதுப்புதுக் கிளை மாற்றங்களை, அதாவது மற்றவற்றிலிருந்து இலை மாறி வரும் கிளைகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் செடி. அவற்றுக்குப் பெயர் பதிவு செய்ய உலக அளவில் பொறுப்பேற்றிருப்பது அமெரிக்கன் ஐவி சொசைட்டி. பறவைக்கால், சுருள், விசிறி, இதயம் என்று இலை வடிவத்தை வைத்து அவர்கள் வகுத்திருக்கும் பிரிவுகள் அங்கே உதவும். கொல்கிகாவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கடையில் பரவலாகக் கிடைக்கும் ரகங்களே இரண்டு மூன்றுதான்.

கடையில் எதைப் பார்ப்பது

3 லிட்டர் தொட்டியில் பொதுவாக ஒரே செடி இருக்காது. மூன்று நான்கு தண்டுத்துண்டுகளைச் சேர்த்து வேர்விட வைத்திருப்பார்கள். அது நல்லதுதான், சுவரில் விரித்துவிட வசதி. ஆனால் நாலு தண்டில் ஒன்று வேறு ரகமாக இருப்பதும் இதனால்தான். ஒவ்வொரு தண்டையும் மண்ணிலிருந்து நுனிவரை தனித்தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். முழுக்கப் பச்சையாக ஓடும் தண்டு இருந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். பச்சைத் தண்டுக்கு வேகம் அதிகம், மற்றவற்றை அமுக்கிவிடும்.

உயரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆளுயரக் குச்சியில் கட்டிய 10 லிட்டர் செடி வீட்டுக்கு வந்த அன்று அழகாக இருக்கும். ஆனால் அந்தத் தண்டுகளின் பற்றுவேர்கள் குச்சியில் ஒட்டிக் காய்ந்துவிட்டவை, அவை உங்கள் சுவரில் இனி ஒட்டாது. ஐவியில் பற்றுவேர் ஒருமுறைதான்; வளரும் நுனியில் புதிதாக வருவது மட்டுமே பிடிக்கும். எப்படியும் அந்தத் தண்டைக் குறைத்து வெட்டத்தான் போகிறோம். அடியிலிருந்தே நாலைந்து தண்டு கிளம்பும் குட்டையான 3 லிட்டர் செடிக்கு மிஞ்சியது எதுவுமில்லை.

தொட்டியைக் கவிழ்த்து வடிகால் துளையைப் பாருங்கள். வெள்ளை வேர் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தால் நல்ல அறிகுறி. பழுப்பாகத் தடித்துச் சுற்றிக்கொண்டு வெளியே தொங்கினால் நெடுநாள் கிடந்த சரக்கு. இலையில் எண்ணெய் பட்டது போன்ற கரும்புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் அது பாக்டீரியா இலைப்புள்ளி. அந்த மேசையில் இருக்கும் எதையும் எடுக்காதீர்கள், மேலிருந்து தெளிக்கும் தண்ணீரில் பக்கத்துச் செடிக்கும் பரவியிருக்கும்.

சீட்டில் 'பிளான்ட் பாஸ்போர்ட்' என்ற பகுதி இருக்கும், செடி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிப்பதற்கான அடையாளம் அது. அதில் 'ஏ' வரிசையில் தாவரப் பெயர். பெரும்பாலும் வெறும் 'ஹெடெரா' என்றுதான் இருக்கும், ரகத்துக்கு அது சான்றல்ல. 'டி' வரிசை செடி எந்த நாட்டில் வளர்ந்தது என்று சொல்லும். பெரிய படச் சீட்டில் ரகப் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, அதையும் ரசீதையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்ற பெயர் ஒன்று, வந்த செடி வேறு என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். 'செடி உயிருள்ளது, திருப்பி எடுப்பதில்லை' என்ற பலகை அந்த உரிமையைப் பறித்துவிடாது. லென்ஸ் சோதனையை வாங்கிய வாரத்திலேயே செய்துவிடச் சொல்வது இதற்காகத்தான்.

நடவு

செப்டம்பர், அக்டோபர் சிறந்த காலம். மண்ணில் சூடு இருக்கும்போதே வேர் இறங்கிவிடும். தவறினால் மார்ச், ஏப்ரல்.

சுவரை ஒட்டிக் குழி தோண்டுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் முதல் ஆண்டிலேயே செடி சாகக் காரணமும். சுவரடியில் மழை விழாது, அஸ்திவாரக் கற்காரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுவரிலிருந்து 40 முதல் 45 செ.மீ. தள்ளிக் குழி எடுங்கள். அகலம் தொட்டியைப் போல இரண்டு மடங்கு. ஆழம் தொட்டி அளவோடு மூன்று நான்கு செ.மீ. கூடுதல்: ஐவியைக் கொஞ்சம் ஆழமாக நடலாம், மண்ணுக்குள் போகும் கணுக்களிலிருந்தும் வேர் வரும். தோண்டிய மண்ணோடு ஒரு வாளி மட்கிய உரம் கலந்தால் போதும். மண் களியா, சுண்ணாம்பு அதிகமா என்றெல்லாம் இது கேட்காது. தண்ணீர் தேங்கும் மண் மட்டும் ஆகாது.

நடுமுன் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி எடுங்கள். சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு, செடியைச் சுவர் பக்கம் சாய்த்து நடுங்கள். குச்சியை எடுத்துவிட வேண்டும். தண்டுகளை விசிறியாக விரித்து, ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். கை நடுங்கும்தான், ஆனால் வெட்டினால்தான் அடியில் புதுத்தளிர் வரும், அந்தத் தளிர்தான் சுவரைப் பிடிக்கும். வெட்டாமல் பழைய தண்டைச் சுவரில் சாய்த்துக் கட்டுபவர்களிடமிருந்துதான் 'இரண்டு வருஷமாச்சு, ஒட்டவே மாட்டேங்குது' என்ற புகார் வருகிறது.

அதற்கு மேல் 5 செ.மீ. மூடாக்கு, தண்டைத் தொடாமல். முதல் கோடையில் வாரத்துக்கு 10 லிட்டர் தண்ணீர், அடியில் மட்டும். இரண்டாம் கோடையில் வறட்சி வந்தால் மறுபடியும். பிறகு தேவைப்படாது.

சாதாரண ஐவியைவிடக் கொல்கிகா கனமானது, பிடிப்போ சற்றுத் தளர்வு. அதனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குக் கம்பி உதவி தேவை. சுவரில் கொக்கி ஆணி அடித்து, 40 செ.மீ. இடைவெளியில் குறுக்காகத் துருப்பிடிக்காத கம்பி இழுத்து, சணலால் தளர்வாகக் கட்டுங்கள். மரவேலி என்றால் கொக்கியைத் தூணில் மட்டும் பொருத்துங்கள், பலகையில் வேண்டாம். ஆறடிக்கு ஆறடி வேலிப் பலகை முழுக்க ஈரமான ஐவி ஏறி, மேலே நவம்பர் காற்றும் அடித்தால் பலகை தூணைவிட்டுக் கழன்றுவிடும். கான்கிரீட் தூணுக்கு இது தாங்கும். அடிப்பாகம் மக்கிய மரத்தூணில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வேலி என்றால் அவரைக் கேட்காமல் நடவும் கூடாது.

முதல் ஆண்டு ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும், வேர் பிடிப்பதிலேயே அது போய்விடும். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் ஏறும். 5 மீட்டர் உயரம் எளிதாகத் தொடும். முழுக்க மூடியபின் இலைகள் கீழ்நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்ததுபோல் படிந்திருக்கும். மங்கலான ஜனவரி மாலையில் அந்த மஞ்சள் தரும் வெளிச்சத்துக்காகவே இதை நடலாம்.

கெட்டுப்போகும் இடங்கள்

மஞ்சள் காணாமல் போவது. ஆழ்ந்த நிழலில் மஞ்சள் எலுமிச்சைப் பச்சையாக மங்கும். அது இடத்தின் குணம், செடியின் குறையல்ல. ஆனால் ஒரு கிளை முழுக்கப் பச்சையாகவே ஓடினால் அது ரகம் தன் பழைய பச்சைக்கே பின்வாங்குவது. நுனியைக் கிள்ளிப் பயனில்லை. அந்தக் கிளை எந்தக் கணுவில் புறப்பட்டதோ அங்கேயே வெட்டுங்கள். ஓரிரண்டு பச்சை இலைக்காக வெட்ட வேண்டாம். தொடர்ந்து ஐந்தாறு இலை பச்சையாக வந்தால் வெட்டலாம்.

இலையில் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிறி, அடியில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். கூரை நிழலில் மழை படாத தென்சுவரிலும், தொட்டியிலும்தான் இது வரும். இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் அடிப்பது பாதித் தீர்வு. மீதிப் பாதி, அந்த இடத்தில் ஐவியை நடாமல் இருப்பது. இலை பிசுபிசுத்துக் கரும்படலம் படிந்தால் மேலே செதில் பூச்சி இருக்கிறது என்று பொருள். உறைபனி நாளில் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பனி விட்டதும் நிமிர்ந்துவிடும். அன்று வெந்நீர் ஊற்றுவது, வெட்டுவது எதுவும் வேண்டாம்.

கத்தரிப்பு பிப்ரவரிக் கடைசியில். தாராளமாக வெட்டலாம், தழைத்துவிடும். மழைநீர்க் குழாய், கூரை ஓடு, ஜன்னல் சட்டம், காற்றுத் துளைச் செங்கல் ஆகியவற்றிலிருந்து அரை மீட்டர் இடைவெளி எப்போதும் இருக்கட்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவை கூடு கட்டியிருக்கும். குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெட்டும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். ஐவிச் சாற்றிலுள்ள 'ஃபால்கரினால்' என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலைக் கொப்புளிக்க வைக்கும். பழைய கொடியை வெட்டும்போது பறக்கும் தூசிக்கு முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். இலையும் காயும் தின்னக்கூடாதவை, தவழும் குழந்தையும் எதையும் மெல்லும் நாயும் உள்ள வீட்டில் இதை நினைவில் வையுங்கள்.

சுவர் என்ன ஆகும்?

'ஐவி வீட்டை இடித்துவிடும்' என்று சொல்லாத உறவினர் இல்லை. பழங்கட்டடங்களைப் பராமரிக்கும் அமைப்பான இங்கிலிஷ் ஹெரிட்டேஜுக்காக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பழஞ்சுவர்களில் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஐவிப் போர்வைக்கு அடியில் வெப்பமும் ஈரமும் குறைவாகவே ஏறி இறங்குகின்றன, வாகனப் புகைத் துகளும் இலையில் தங்கிவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள சுவரைப் பற்றுவேர் துளைப்பதில்லை. ஏற்கெனவே விரிசலோ பொந்தோ இருந்தால் அதற்குள் உண்மையான வேரை இறக்கிப் பெரிதாக்கும். ஆக, கேள்வி உங்கள் சுவரைப் பற்றியது. வீட்டுச் சாவியை எடுத்துச் செங்கல் இடுக்கிலுள்ள சாந்தைச் சுரண்டிப் பாருங்கள். பொடியாகக் கொட்டினால் முதலில் சாந்து பூசும் வேலை, அப்புறம்தான் கொடி. பழைய சுண்ணாம்புச் சாந்து வீடுகளிலும், மேற்பூச்சு உப்பிய சுவரிலும் கொல்கிகாவின் கனம் பூச்சையே இழுத்துக்கொண்டு வரும்.

சாயம் அடித்த சுவருக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். எப்போதாவது எடுத்தால் பற்றுவேரின் தழும்பு சுவரெங்கும் நிற்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பச்சையாகப் பிய்க்காதீர்கள். அடித்தண்டை வெட்டிவிட்டு, கொடி முழுக்கக் காயும் வரை விட்டு, பிறகு இழுங்கள். மிச்சத்தை உலர்ந்த முரட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

வேறு எது?

இடம் சின்னது, இரண்டு மீட்டர் சுவர்தான் என்றால் 'சல்ஃபர் ஹார்ட்' மிகை. பொன்விளிம்புள்ள 'கோல்ட்சைல்ட்', வெள்ளிச் சாம்பல் நிற 'கிளேசியர்' போன்ற ஹீலிக்ஸ் ரகங்கள் அளவோடு நிற்கும். 'பட்டர்கப்' முழு மஞ்சளுக்குப் பேர் போனது, ஆனால் வெயில் இல்லாவிட்டால் வெறும் பச்சை. வடக்குச் சுவருக்கு அதை விற்பவரை நம்பாதீர்கள். தேனீக்காக ஐவி வேண்டும் என்பவர்களுக்கு பிரிட்டனின் நாட்டு ஐவியான ஹீலிக்ஸே மேல். அமெரிக்காவில் ஆரகன் மாநிலத்தில் ஹீலிக்ஸும் ஹைபர்னிகாவும் விற்கவே தடை உள்ளவை, அங்கிருப்பவர்கள் உள்ளூர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தொட்டியிலும் வளரும், விட்டம் 40 செ.மீ.க்குக் குறையக்கூடாது. தோட்டமண் கலந்த கனமான கலவை போடுங்கள். இங்கே கிடைப்பதில் 'ஜான் இன்னஸ் 3' பொருத்தம். வெறும் கம்போஸ்ட் ஒருமுறை காய்ந்தால் மறுபடி நனையாது.

கடைசியாக, மலிவான வழி. பெயர் உறுதியான 'சல்ஃபர் ஹார்ட்' தெரிந்தவர் வீட்டில் இருந்தால் கடைக்கே போக வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பருக்குள், சுவரில் ஏறிக்கொண்டிருக்கும் இளங்கொடியில் 10 முதல் 12 செ.மீ. துண்டு எடுங்கள். நிறம் நன்றாகப் பிரிந்து தெரியும் இலையுள்ள துண்டாகத் தேர்ந்தெடுத்து, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, கம்போஸ்ட்டும் பெர்லைட்டும் (மண்ணை இளக்கும் வெள்ளைக் குறுணை) சமபங்கு கலந்த தொட்டியில் ஓரமாகச் செருகி, நிழலில் பாலிதீன் உறைக்குள் வையுங்கள். வேர்விட்டதும் நாலு துண்டை ஒரே தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். தரையில் ஓடும் கொடி இருந்தால் இன்னும் சுலபம்: ஒரு கணுவை மண்ணில் அழுத்திக் கல் வைத்துவிட்டால் பதியம் தானே ஆகும். பூத்த கிளையில் மட்டும் துண்டு எடுக்காதீர்கள். வேர் விடும், ஆனால் ஏறாது; இடுப்புயரப் புதராகவே நின்றுவிடும். வாசலில் வைக்க அப்படியொரு புதர் வேண்டும் என்பவர்கள் தாராளமாக அதையே எடுக்கலாம், கடையில் அதற்கு வேறு விலை.